நீலத்தில் தெரியாத பழுப்பு

ஓர் உயிர் நலமாக இருக்கிறதா என்பதை அதன் நிறத்திலிருந்து படித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் செடி வளர்க்கிறோம், மாடு வளர்க்கிறோம், சோர்ந்து படுத்திருக்கும் பிள்ளையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறோம். இலை பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளடித்தால் ஏதோ குறைகிறது. இந்தக் கணக்கு எங்கள் வீட்டுப் பவளத் தொட்டிக்குப் பொருந்தவில்லையோ என்ற சந்தேகம், அதன் விளக்கை எல்.ஈ.டி.க்கு மாற்றியதிலிருந்து என்னை விடாமல் தொடர்கிறது. எதுவும் செத்துப்போய்விடவில்லை. மாலையில் வெள்ளை அணைந்து நீலம் மட்டும் எரியும் நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பேச்சை நிறுத்துகிறார்கள், பிறகு கைபேசியை எடுக்கிறார்கள். பச்சையும் ஆரஞ்சும் உள்ளிருந்து எரிகின்றன. இத்தனை அழகாக இருப்பது நன்றாகத்தானே இருக்கவேண்டும் என்று மனம் உடனே முடிவுகட்டிவிடுகிறது. அந்த அவசரம்தான் உறுத்துகிறது. பவளம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது என் கண். கண்ணுக்கு அப்படிக் காட்டுவது நான் காசு கொடுத்து வாங்கி மாட்டிய விளக்கு. சாட்சியையும் நானே கூட்டிவந்து தீர்ப்பையும் நானே எழுதுவதில் ஏதோ இடிக்கிறது.

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் பவளம் வளர்ப்பதே கொஞ்சம் விபரீதமான காரியம். கடற்கரை ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில். ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேலே, 250 கோடி ஆண்டு வயதான கருங்கல் மேட்டில். மௌலா அலி குன்றில் ஏறி நின்றால் வீடுகளுக்கு நடுவே அந்த உருண்டைப் பாறைகள்தான் துருத்திக்கொண்டு தெரியும். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையெல்லாம் ஆர்.ஓ.வில் வடித்தெடுத்துவிட்டு, அதே தண்ணீரில் பாக்கெட்டில் வரும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கொட்டிக் கலக்குகிறோம். உப்பை எடுத்துவிட்டு உப்பைப் போடும் இந்தக் கூத்தைப் பார்த்து வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை. பழைய விளக்கு மெட்டல் ஹாலைடு. ஒரு காலத்தில் துணிக்கடை முகப்புகளில் சுடச்சுட எரிந்துகொண்டிருந்த அதே 150 வாட் ரகம், இரண்டு. கூடவே இரண்டு நீலக் குழல்விளக்கு. போட்டதும் முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிஷம் பிடிக்கும். கரண்ட் போய் வந்தால் உடனே எரியாது; குமிழ் ஆறி உள்ளே ஆவியின் அழுத்தம் தணிந்த பிறகுதான் மறுபடி பற்றும். அதுவரை இருட்டில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். மே மாதத்தில் வெளியே 42 டிகிரி கொளுத்தும்போது, ஒரு பக்கம் விளக்கு தண்ணீரைச் சூடாக்கும், மறுபக்கம் சில்லர் குளிரவைக்கும், இரண்டுக்குமாக மீட்டர் ஓடும். காய்ந்த உப்பும் சூடேறிய தகரமும் கலந்த ஒரு வாசனை கூடத்தில் எப்போதும் இருந்தது. எல்.ஈ.டி. வந்த பிறகு பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் வேலை நடக்கிறது, வாசனையும் போய்விட்டது. மாற்றியதில் எனக்கு வருத்தம் கிடையாது. வேண்டும் என்றாலும் பழைய குழல்கள் இன்னும் எத்தனை காலம் கிடைக்குமோ: பாதரசம் கொண்ட பொதுப் பயன்பாட்டுக் குழல்விளக்குகளின் உற்பத்தியை 2027க்குள் நிறுத்திவிட, மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி ஒப்புக்கொண்டுவிட்டன.

பழைய விளக்கிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எரியத் தெரியும், அணையத் தெரியும், மாதங்கள் போகப்போக நிறம் மங்கி மூப்படையத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அந்த ஒரே வெளிச்சத்தின் கீழ்தான் பவளமும் இருந்தது, நானும் இருந்தேன். அதற்கு எது உணவோ அதுவே எனக்குக் காட்சி. எல்.ஈ.டி. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. உள்ளங்கை அகலத் தகட்டில் அடர்நீலம், இளநீலம், ஊதா, வெள்ளை, ஓரிரு சிவப்பு, பச்சை. ஒவ்வொன்றுக்கும் தனி சேனல், கைபேசித் திரையில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடு. நீலத்தைத்தான் எல்லோரும் கூட்டுகிறோம். அந்த நீலம் உலகுக்கு லேசில் கிடைத்ததும் இல்லை. சிவப்பு எல்.ஈ.டி. 1960களிலேயே வந்துவிட்டது, பிரகாசமான நீலம் வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. காலியம் நைட்ரைடு படிகத்தை வழிக்குக் கொண்டுவர இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் நகோயாவில் மல்லாடிக்கொண்டிருந்தார்கள். தோகுஷிமா மாநிலத்தில் நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனியில் ஷூஜி நாகமுரா தனியாக மல்லாடினார். 1993இல் நாகமுராவின் பளிச்சென்ற நீலம் வெளியே வந்தது. மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபெல். நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்.ஈ.டி. பல்புகூட உள்ளே நீலம்தான். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றி, இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகின்றன. பவளத் தொட்டிக்காரன் கேட்பது அந்தப் பூச்சு இல்லாத வெறும் நீலத்தை. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கடல்நீர் சிவப்பை மேலேயே விழுங்கிவிட்டு நீலத்தைத்தான் ஆழத்துக்கு விடுகிறது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியும் அந்த நீலத்தைப் பிடித்து உண்ணவே பழகியிருக்கிறது.

ஆனால் நீலம் கண்ணை ஏமாற்றும். மனிதக் கண் மிகக் கூர்மையாக இருப்பது 555 நானோமீட்டர் அலைநீளத்தில், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே. பவள விளக்கின் 450 நானோமீட்டர் நீலத்தில் அதன் கூர்மை நாலைந்து சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. எனவே பவளத்தைப் பொசுக்கும் அளவுக்கு எரியும் நீலமும் நமக்கு மங்கலாகத்தான் தெரியும். பாசிக்குக் கண் இல்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை வந்து விழும் ஃபோட்டான்கள்தான் அதற்குக் கணக்கு. ஹாலைடிலிருந்து மாறிய முதல் தலைமுறைத் தொட்டிக்காரர்களில் பலர் இங்கேதான் அடிபட்டார்கள். வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக் கூட்டினார்கள், சில நாளில் பவளம் வெளுத்தது. அதனால்தான் பாதிக்கும் கீழே ஆரம்பித்து வாரக்கணக்கில் மெல்ல ஏற்றவேண்டும் என்ற விதி வந்தது. கறுப்புக் குச்சியின் முனையில் பட்டன் அளவுக்கு இருக்கும் குவாண்டம் மீட்டரைத் தண்ணீருக்குள் விட்டு நகர்த்தினால், சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று எண்கள் ஏறி இறங்கும். பாறையின் நிழலில் 50, மேலே 150. நடுப்பகலில் கடல் மேற்பரப்பில் விழும் வெயில் ஏறக்குறைய 2,000. என் தொட்டி தன் உச்சிப்பொழுதிலும் கடலின் ஒரு மேகமூட்டக் காலையைத் தாண்டாது. அதெல்லாம் எண். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தால் எண் சொல்வது ஒன்றும் கண் சொல்வது வேறொன்றுமாக இருக்கிறது. வளர்க்கிற உயிரை நேரே பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் கைவிட்டுப்போய், கருவியைக் கேட்டு நம்பவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்பது முதலில் அங்கேதான் உறைத்தது.

அளவாவது மீட்டரில் பிடிபடுகிறது. எனக்குப் பிடிபடாமல் நழுவுவது பழுப்பு. நலமான பவளத்தின் அடிப்படை நிறம் பழுப்புதான். தவிட்டு நிறம், காய்ந்த புகையிலை நிறம், ஈர மண் நிறம் என்று அதன் படிகள். ஒரு சதுர சென்டிமீட்டர் சதையில் பத்து லட்சத்துக்குக் குறையாத நுண்பாசிகள் நெருங்கிக் குடியிருக்கின்றன. அவற்றின் பச்சையத்தோடு பெரிடினின் என்ற செம்மஞ்சள் நிறமியும் கலந்திருப்பதால் வருவது அந்தப் பழுப்பு. அதுதான் சமையலறை, பவளத்தின் ஆகாரத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. பழுப்பு தனக்கென்று ஓர் அலைநீளம் உள்ள நிறம் இல்லை. வானவில்லில் தேடினால் அகப்படாது. சுற்றிலும் இன்னும் பிரகாசமான ஏதோ ஒன்று இருக்க, நடுவே மங்கலாக நிற்கும் ஆரஞ்சைத்தான் பழுப்பு என்று காண்கிறோம். ஆரஞ்சைத் திருப்பி அனுப்பவேண்டுமானால் முதலில் ஆரஞ்சு வந்து விழவேண்டும். நீலம் மட்டும் எரியும் தொட்டியில் அது விழுவதே இல்லை. ஆகவே பழுப்பு கறுப்பாகிவிடுகிறது, கண்ணிலிருந்து ஒதுங்கிவிடுகிறது. நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் உமிழும் ஒளிர்புரதங்கள் மட்டும் அந்தக் கறுப்பின் மேல் தனியே எரிகின்றன. உயிரைத் தாங்கும் நிறத்தை முழுவதும் அழித்துவிட்டு அதன் ஓரத்து அலங்காரத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும் விளக்கு இது. நோய் நாடிப் பார்ப்பதற்கு இதைவிட மோசமான வெளிச்சம் இருக்கமுடியாது. ரசிப்பதற்கோ இதைவிட நல்ல வெளிச்சம் இல்லை.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிற ஒருவரிடம் என் தொட்டியின் படத்தைக் காட்டியிருக்கிறேன். இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, கோயில் கொடைக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி இருக்கு?” என்றார். பிறகு, “நம்ம பார்ல உசுரோட கெடக்குறது பூரா மண்ணு நெறந்தான். கலங்கல்ல பக்கத்துல போய்ப் பாத்தாத்தான் தெரியும். வெள்ளையா பளிச்சுனு கெடந்தா, அது செத்தது.” கம்ப்ரஷர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் நடப்பவரின் கண் அது, அழகு பார்க்கப் போவதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றி பெரும்பாலும் ஐந்து மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் படர்ந்திருக்கும் பாறைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள். 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகளே நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. அலையை வாங்க முன்னால் பாறை இல்லாதபோது மணல் எத்தனை நாள் நிற்கும். மிச்சமிருப்பவை 2010இலும் 2016இலும் கோடைச் சூட்டில் பெரிய அளவில் வெளுத்தன. வெளுப்பு என்றால் சூடு தாங்காமல் பாசியை வெளியேற்றிவிட்டு, கண்ணாடிபோன்ற சதைக்குக் கீழே சுண்ணாம்பு எலும்பு தெரிய நிற்பது. அந்த நிலையில் பவளம் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. கடல் ஆறி, பாசி திரும்பிவந்தால் மறுபடி பழுப்பேறும். அங்கே ஆய்வுக்கு இறங்குகிறவர்கள் ஆவலோடு தேடுவது அந்தப் பழுப்பைத்தான். இங்கே தொட்டிக்காரர்களின் பேச்சில் ஒரு பவளம் ‘பிரௌன் ஆகிவிட்டது’ என்றால் அது துக்கச் செய்தி. தண்ணீரில் நைட்ரேட் ஏறியிருக்கிறது, வெளிச்சம் போதவில்லை, ஆள் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். ஒரே நிறம், கடலில் பிழைத்தது என்று பொருள், கூடத்தில் தோற்றது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான செய்தி ஒன்றும் உண்டு, என் உறுத்தலுக்கு முக்கால் காரணம் அதுதான். 2016இல் நியூ கலிடோனியாக் கடலில் வெளுப்பு நடந்தபோது சில பவளங்கள் வெள்ளையாகாமல் ஊதாவும் நீலமும் எலுமிச்சை மஞ்சளுமாக ஜொலித்தன. மறுஆண்டு வந்த ‘சேசிங் கோரல்’ ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. கடலுக்குள் யாரும் எல்.ஈ.டி. கட்டவில்லை, அவை வெயிலிலேயே அப்படி எரிந்தன. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பவள ஆய்வகம் 2020இல் இதற்கு விளக்கம் சொன்னது. பாசி போய்விட்டால் உள்ளே வரும் ஒளியை உறிஞ்ச ஆள் இல்லை. வெள்ளை எலும்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து சதைக்குள் வெளிச்சம் பெருகுகிறது. அதில் உள்ள நீலம் பவளத்தின் நிறமி ஜீன்களை முடுக்கிவிடுகிறது. பவளம் தன்மேல் ஒரு வண்ணத் திரையைப் போர்த்திக்கொண்டு, திரும்பிவரக்கூடிய பாசிக்கு நிழல் உண்டாக்குகிறது. லேசான, அல்லது சிறிதுகாலச் சூட்டில்தான் இது நடக்கும். முற்றிலும் கைமீறிப்போனால் திரைகட்டவும் தெம்பு இருக்காது, வெள்ளைதான். அப்படியானால் அந்த ஜொலிப்பு சாவின் நிறமும் இல்லை, சுகத்தின் நிறமும் இல்லை. இழந்ததைக் கூப்பிடும் நிறம். 2019இல் பான்டோன் என்ற வண்ணப் பட்டியல் நிறுவனம் இதே ஜொலிப்பிலிருந்து மூன்று நிறங்களை எடுத்து, பவள அழிவின் பக்கம் மக்களைத் திருப்பப் பெயரிட்டு வெளியிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனாலும் ஒரு பிராணி வலியில் எடுத்த நிறம் வண்ணப் பட்டியலில் எண் போட்டு நிற்பதை நினைத்தால், பட்டியல் போடாமலே நான் செய்துகொண்டிருப்பதும் அதுவே தானோ என்று தோன்றுகிறது. பாசி அடர்த்தி குறைந்து பவளத்தின் சொந்த நிறம் மேலே தெரியவேண்டும் என்பதற்காகத் தண்ணீரில் ஊட்டத்தைக் குறைத்து நீலத்தைக் கூட்டுவதுதான் தொட்டிக்கலையின் பாலபாடம். பாதிக்காத அளவுக்குப் பட்டினி, பொசுங்காத அளவுக்கு ஒளி. கோடு எங்கே என்று பவளம் சொல்வதில்லை.

சந்தை இதைக் கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. விற்பனைக்கு வரும் படங்கள் அத்தனையும் நீலத்தின் கீழ், கைபேசி லென்ஸின்மேல் ஆரஞ்சு ஃபில்டர் ஒட்டி எடுத்தவை. ஃபில்டர் நீலத்தை வெட்டிவிடும்; ஒளிர்வது மட்டும் கறுப்பு வெல்வெட்டில் வைத்த நகைபோல மிஞ்சும். சோவாந்தஸ் என்ற மென்ஜாதியின் பாலிப்புகளுக்கு ராஸ்டா என்றெல்லாம் குதிரைப் பந்தயப் பெயர்கள், பாலிப் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று விலை. அதே உயிர் பகல் வெளிச்சத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, அழுக்குப் பச்சையான ஒரு பூ. இந்தியாவில் இதற்கு இன்னொரு ஓரமும் உண்டு: கல்பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே இடம். எங்கள் தொட்டியில் அவை கிடையாது. சார்கோபைட்டன் என்ற தோல்பவளம், டிஸ்கோசோமா என்ற காளான்பவளம், சில சோவாந்தஸ், ஒரு ஜீனியா; எலும்பு கட்டாத மென்ஜாதிகள். இவற்றில் சார்கோபைட்டன் எந்த ஒளிக்கும் மசியாது. எத்தனை நீலத்தைக் கொட்டினாலும் மாலையில் மங்கிய குடையாக ஓரத்தில் நிற்கும். வருகிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. தொட்டியிலேயே வேகமாகப் பருத்துக்கொண்டிருப்பது அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நீலத்தின் பக்கமும் நின்று பேசவேண்டும். இல்லாவிட்டால் இது பழைய விளக்குக்கு எழுதிய இரங்கற்பா ஆகிவிடும். நீலம் மறைப்பதைப் போலவே காட்டவும் செய்கிறது. ஒளிர்புரதத்தை முதலில் ஒசாமு ஷிமோமுரா 1960களின் தொடக்கத்தில் ஒரு ஜெல்லிமீனில் கண்டார். அது தானே ஒளி உண்டாக்கும் பிராணி. தானாக ஒளிராத பவளங்களுக்குள்ளும் அந்தக் குடும்பத்துப் புரதங்கள் இருக்கின்றன என்று ரஷ்ய ஆய்வாளர்கள் 1999இல் அறிவித்தார்கள். அவர்களுக்கு மாதிரி கிடைத்தது எந்தப் பவளக் கடலிலிருந்தும் இல்லை, மாஸ்கோவில் ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து. அதில் ஒன்று டிஸ்கோசோமா. என் தொட்டியில் இருக்கும் அதே பேரினம். அதிலிருந்து எடுத்த சிவப்புப் புரதம் இன்று உலகின் ஆய்வுக்கூடங்களில் செல்களுக்குள் நடப்பதை உயிரோடு பார்க்கக் கைவிளக்காகப் பயன்படுகிறது. கடலே இல்லாத குளிர்நகரத்தில் ஒருவர் வீட்டில் வைத்து ரசித்த அழகு இத்தனை தூரம் வந்திருக்கிறது. பவளத்துக்கும் அந்த ஒளிர்வு வெறும் அலங்காரம் இல்லை. ஆழம் குறைந்த இடத்தில் வெயில் தடுப்பு. ஆழத்தில் கிடைக்கும் நீலத்தை ஆரஞ்சாக்கிப் பாசிக்கு ஊட்டுதல். மங்கிய ஒளியில் இரையை இழுத்தல் என்று ஆய்வாளர்கள் அதற்கு வேலைகளைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். ஆகவே மாலையில் நான் காண்பது பொய் என்று சொல்ல முடியாது. உண்மையான ஒன்று, மற்ற எல்லா உண்மைகளையும் அணைத்துவிட்டுத் தனியே காட்டப்படுகிறது. பொய்யைவிட அது கையாளக் கடினமானது.

ஒருவேளை பவளத்துக்கு இதெல்லாம் பொருட்டே இல்லையோ. விளக்கின் ஆப்பில் சூரியோதயம் வைக்கலாம், அஸ்தமனம் வைக்கலாம், மேகம் கடந்துபோவதை வைக்கலாம்; மின்னல் வெட்டுகூட இருக்கிறது. மின்னல் யாருக்கு என்று கேட்டுக்கொண்டு நான் அதைத் தொட்டதில்லை. நிலவு மட்டும் அப்படி விளையாட்டாக விட்டுவிடக்கூடியது இல்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் ஆண்டுக்கொருமுறை பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன என்பது 1980களில்தான் தெரியவந்தது. கண்ணே இல்லாத பிராணி நிலவை எப்படி அறிகிறது? நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற பழம்புரதம் அதனிடம் இருக்கிறது என்று 2007இல் கண்டார்கள். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸும் அவர் கூட்டாளிகளும் மூடிய தொட்டிக்குள் ஓராண்டின் வெப்பத்தையும் பகலின் நீளத்தையும் நிலவின் ஏற்ற இறக்கத்தையும் கணினியில் வகுத்து, அக்ரோபோரா பவளங்களைக் குறித்த காலத்தில் முட்டையிட வைத்தார்கள். 2017இல் அதை வெளியிட்டார்கள். அந்த நிலவு ஓர் எல்.ஈ.டி. பவளம் அதை நிலவு என்றே ஏற்றுக்கொண்டது. மறுபக்கம், கடற்கரை நகரங்களின் இரவு வெளிச்சம் பட்ட திட்டுகளில் பவளங்கள் ஒன்று முதல் மூன்று நாள் முன்கூட்டியே, பௌர்ணமியை ஒட்டி முட்டையிடுகின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. அதையும் அவை நிலவாகவே எடுத்துக்கொள்கின்றன. எது செயற்கை, எது இயற்கை என்ற பாகுபாடு நம்முடையது. வந்து விழும் ஃபோட்டானிடம் ஊர் கேட்பதில்லை அவை. இதை யோசித்தபோது என் சந்தேகம் கொஞ்சம் இடம் மாறியது. விளக்கு பவளத்திடம் பொய் சொல்கிறதோ என்றுதான் இதுவரை சுற்றிவந்தேன். அங்கே சிக்கல் இல்லை. பவளத்துக்கு வேண்டியது போய்ச் சேர்கிறது. சிக்கலெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனிடம்.

இந்தக் கூடத்து ஜன்னலில் கனத்த திரை தொங்குகிறது. வெயில் தொட்டியில் பட்டால் கண்ணாடியில் பாசி படியும், தண்ணீர் சூடேறும். ஆண்டில் பத்து மாதம் வெயில் கொட்டும் ஊரில் அதைத் துணி போட்டுத் தடுத்துவிட்டு, மின்சாரத்தில் வெயில் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கலாம் என்று 1961இல் உலகுக்கு எழுதிக்காட்டிய ஜகார்த்தாவின் லீ சின் எங் இதற்கு நேர்மாறாகச் செய்தார். கடலிலிருந்து உயிர்ப்பாறையும் தண்ணீரும், ஒரு காற்றுக்குழாய், ஜன்னலில் வரும் வெயில். அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு. கடற்கரை ஊரில் அது முடிந்தது, இங்கே முடியாது என்பது தெரியும். ஆனால் வெயில் படும் அவருடைய தொட்டியில் பழுப்பு பழுப்பாகவே தெரிந்திருக்கும். அதை ஒரு குறையாக நினைத்திருப்பாரா என்ன. சஃபில்குடா ஏரிப் பக்கம் நடக்கப்போகும்போது இதே கேள்வி வேறு வடிவில் வரும். தெருவில் சோடியம் விளக்குகள் எரிந்த காலத்தில் ஆளும் மரமும் சுவரும் ஒரே மஞ்சள் பழுப்பாக இருந்தன. இப்போது எல்லாம் வெண்ணீலம். நன்றாகத் தெரிகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். எந்த விளக்கின் கீழ் தெருவின் நிறம் சரி என்று யாரும் கேட்பதில்லை. தெருவுக்கு அது வேண்டியதும் இல்லை. குழி தெரிந்தால் போதும். வளர்க்கிற உயிரிடம் அப்படி விட்டுவிட முடியவில்லை.

இப்போது காலையில் ஒரு மணி நேரம் நீலத்தைக் குறைத்து, வெள்ளையையும் சிவப்பையும் ஏற்றி வைக்கிறேன். பவளத்துக்கு அதனால் தனி லாபம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் தொட்டி ஒன்றும் விசேஷமாக இருக்காது; கொஞ்சம் அழுக்காகக்கூடத் தெரியும், பாறையில் படிந்த பாசியும் கண்ணாடி மூலையில் உறைந்த உப்பும் கண்ணில் படும். எந்த பாலிப் சுருங்கியிருக்கிறது, எதன் ஓரம் வெளிறுகிறது என்று பார்ப்பது அப்போதுதான். மாலை நீலத்தில் பார்ப்பது பார்ப்பதற்காக மட்டும். இரண்டு வெளிச்சத்திலும் ஒரே கேள்வியைக் கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அது அத்தனை சுலபமாக வரவில்லை. அழகைக் கண்டதும் நலம் என்று முடிவுகட்டும் புத்தி, பவளத் தொட்டிக்கு வருமுன்பே எங்கோ படிந்துவிட்டது. இன்னொன்றும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: இத்தனை தெரிந்தும், நாளைக்குச் சோவாந்தஸ் பழுப்படித்துப்போனால் என் கை முதலில் கைபேசிக்குத்தான் போகும், நீலத்தின் கோட்டை மேலே தள்ள. அந்தக் கையைச் சில நாள் பிடித்துவைக்க முடிந்தால், அது நோயா அல்லது வயிறு நிறைந்து கிடக்கிற நிறமா என்று பார்க்க அவகாசம் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.